உப்புப் போட்ட தேநீரும் காணாமல் போன கடைசி வரிகளும்

“கவிதை எழுதுறவங்க காலையில எழுந்ததும் முதல்ல என்ன டீச்சர் செய்வீங்க?”

கேட்டவள் பாலர் பள்ளியில் என்னிடம் படித்தவள். இப்போது ஷா ஆலமில் பொறியியலாளர். கேள்வியில் கிண்டல் இல்லை. கவிஞர்கள் விடியற்காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று உண்மையாகவே நினைத்திருந்தாள் போலிருக்கிறது.

“தேத்தண்ணி கலக்குவேன். அப்புறம் கணினியோட மல்லுக்கட்டுவேன். நேரம் மிச்சம் இருந்தா எழுதுவேன்” என்றேன்.

சிரித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னாள். ஆண்டிறுதி விடுமுறையில் எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்கள் எல்லாரும் புக்கிட் ரோத்தானில் ஒரு மண்டபம் எடுத்து ஒன்றுகூடுகிறார்கள். சிறியதாக ஒரு நினைவு மலரும் போடுகிறார்கள். “தேத்தண்ணி போத்தலப் பத்தி நீங்க ஒரு கவிதை எழுதியிருக்கீங்களாமே? எங்க பாட்டி இன்னும் அதச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அது மலர்ல வரணும், டீச்சர்.”

“அதுக்கென்ன, கணினியில இருக்கு. நாளைக்கே அனுப்புறேன்” என்றேன்.

எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது அந்தச் சொல்!

மீன் கண் கொதி

முதலில் தேநீர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் எழுத்து வேலை அங்கேதான் தொடங்குகிறது.

காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன். இது கவிதைக்காக வந்த பழக்கம் இல்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெரட்டு நேரம் உடம்பிலேயே ஊறிக் கிடக்கிறது. தண்டல் பெயர் கூப்பிடுவதற்குள் அம்மா எழுந்து, அடுப்பு மூட்டி, எங்களுக்கும் சேர்த்து வேலையை முடித்திருப்பார். நான் மரம் வெட்டப் போனதில்லை. படித்து, பாலர் பள்ளி ஆசிரியை ஆகி, இப்போது அதிலிருந்தும் ஓய்வு பெற்று, கோலசிலாங்கூரில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறேன். இருந்தும் ஐந்து மணிக்குமேல் படுக்க முடிவதில்லை.

வீட்டுக்காரர் எழுந்திருக்க ஏழு மணியாகும். அந்த இரண்டு மணி நேரம் எனக்கு மட்டும்தான். ஒரு புத்தகம், ஒரு குவளை தேநீர். எந்தப் புத்தகம் கையில் இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி தேநீரும் மாறும். வீட்டில் இதை என் கிறுக்கு என்பார்கள்.

ஒருமுறை ஒக்ககுரா காகுசோ என்ற ஜப்பானியர் 1906-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தேநீர் நூல்’ கையில் கிடைத்தது. மெல்லிய புத்தகம். அதில் லூ யூ என்ற சீனரைப் பற்றி ஓர் இடம் வரும். எட்டாம் நூற்றாண்டில், தாங் அரசர்கள் காலத்தில், தேநீருக்கென்றே நூல் எழுதியவர். தண்ணீர் கொதிப்பதில் மூன்று நிலை உண்டாம். முதலில் மீனின் கண்களைப் போலச் சின்னச் சின்னக் குமிழிகள் வரும். அப்போது உப்புப் போட வேண்டும். இரண்டாவது கொதியில் தேயிலை. மூன்றாவது கொதியில் அகப்பையால் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றித் தணிக்க வேண்டும்.

எனக்கு அந்த மீன் கண் பிடித்துப்போனது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் பானைக்குள் குனிந்து குமிழியைப் பார்த்து, அது மீன் கண் போல இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறாரே! கவிதை எழுத வேண்டியவர் தேநீர்ப் பக்கம் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் அவர் சொன்ன முறைப்படியே, உப்பும் போட்டு, ஒரு பானை கலக்கினேன்.

என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். சாப்பாட்டு விஷயத்தில் அதிகம் பேசமாட்டார். ஒரு வாய் குடித்தார். குவளைக்குள் பார்த்தார். “குழாய்ல கடல் தண்ணி வந்துருச்சா?” என்று கேட்டார். நாங்கள் இருப்பது ஆறு கடலில் கலக்கும் ஊர். நியாயமான சந்தேகம்தான்.

மீன் கண்ணை வைத்து அன்றே ஒரு கவிதை எழுதினேன். நன்றாக வரவில்லை. பிறர் கண்டுபிடித்த உவமையை நம் அடுப்பில் ஏற்றினால் அப்படித்தான்.

வேறொரு புத்தகம் என்னை வேறு மாதிரி செய்தது. பி. எச். டேனியல் என்ற மருத்துவர் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ நாவல், இரா. முருகவேளின் தமிழில் ‘எரியும் பனிக்காடு’. பாலாவின் ‘பரதேசி’ படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். போனவர்கள் திரும்புவது எளிதாக இல்லை. அங்கே மேஸ்திரி, இங்கே கங்காணி. அங்கே பனியும் அட்டையும், இங்கே பாசாக்காடும் கொசுவும். படித்துக்கொண்டே போனபோது அது என் பாட்டன் கதையாக இருந்தது. பாட்டன் கப்பலேறிய இடம் வேறு, அவ்வளவுதான்.

அந்தப் புத்தகம் முடிந்த வாரம் பால் ஊற்றாமல், சீனி போடாமல், வெறுந்தேத்தண்ணி குடித்தேன். யாருக்கும் பிராயச்சித்தமாக இல்லை. அந்தச் சிவப்பு நிறத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் அம்மாவின் போத்தல் ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பற்றி நான் முன்பே எழுதியிருந்ததும் ஞாபகத்துக்கு வந்தது. எழுதியாகிவிட்டது, பத்திரமாக இருக்கிறது என்று எண்ணி விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அம்மாவின் போத்தல் என்பது ஆரஞ்சுப் பானம் வந்த பழைய கண்ணாடி போத்தல். மூடி தொலைந்துபோய், தக்கையில் துணி சுற்றி அடைத்திருப்பார். விடியுமுன் கலக்கிய தேத்தண்ணி அதில்தான் போகும். பால்மரத்தை இருட்டோடு வெட்ட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். தலையில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவத்தி, கையில் கத்தி. நிறை முழுவதும் வெட்டி முடித்து, மங்குகளில் பால் இறங்கும் வரைக்கும் இருக்கும் கொஞ்ச நேரந்தான் பசியாறும் நேரம். போத்தல் அதற்குள் ஆறிப்போயிருக்கும். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். அந்த ஆறிய தேத்தண்ணிக்கு இருந்த ருசியை எந்தப் புத்தகமும் எனக்குத் திருப்பித் தரவில்லை.

துரை எழுதிய நாவல்

எங்கள் வட்டாரத்துக்கு இலக்கியம் புதிதில்லை. கோலசிலாங்கூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மெலாவாத்தி குன்றும், அதன்மேல் இருக்கும் கலங்கரை விளக்கமும், குரங்குகளும், பாசிர் பெனாம்பாங் மீன் சாப்பாடும்தான். ஆனால் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூர் பரிசை 1930-இல் வாங்கிய நாவல் எங்கள் பக்கத்துத் தோட்டத்து வாழ்க்கையிலிருந்து பிறந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆன்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய ‘மலேசீ’.

அவர் இங்கே ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் போட்ட துரை. முதலில் அலங்காரத்துக்காகச் செம்பனையை நட்டுப் பார்த்தார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் அதையே பயிராக நட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம்! செம்பனைக்குப் புகழ்பெற்ற தோட்டத்துக்குத் தென்னை மரத்தின் பெயர், அதுவும் நம் வாயில் புழங்கும் தமிழில். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. தென்னமரம் அப்படியே இருக்கிறது.

நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். காடும் மழையும் அழகாக வருகின்றன. மலாய்ப் பந்துன்களை அவர் நேசித்தது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள். ஆனால் துரை பங்களா திண்ணையிலிருந்து பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவர்களைப் பற்றித் தெரிகிறது. அவரைக் குறை சொல்லவில்லை. லயத்துக்குள்ளிருந்து பார்த்ததை எழுத வேண்டியவர்கள் நாம்தானே. எழுதவும் செய்தோம். 1924-இல் தொடங்கி 2019 வரை வந்த ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளுக்குத் தபாலில் கவிதை அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு ஓடி, நம் பெயர் வந்திருக்கிறதா என்று நின்றபடியே பக்கத்தைப் புரட்டிய கூட்டம் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தது. நானும் அதில் ஒருத்தி.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளைப் பற்றி எழுதாத கோலசிலாங்கூர்க் கவிஞர் நான் ஒருத்திதான் இருப்பேன். எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் “மின்மினி கவிதை ஒன்று படியுங்கள்” என்பார்கள். ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து, ஒரே தாளத்தில் விளக்கேற்றி அணைக்கும் பூச்சிகள். அவற்றின் புழுக்கள் கரையோரச் சேற்று நத்தைகளைத் தின்று வளர்கின்றன. மோட்டார் வைக்காத படகில், துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்திருக்கிறேன், பலமுறை. வாய் அடைத்துப்போகும். வாய் அடைத்துப்போன பிறகு எதை எழுதுவது?

முகமூடி அணிந்த எண்கள்

இனி கணினி.

1998-இல் கூட்டுப் பணம் எடுத்து ஒரு கணினி வாங்கினோம். மகன் படிப்புக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். ராத்திரி அவன் தூங்கிய பிறகு அது என்னுடையதாகிவிடும். கிள்ளானில் ஓர் அச்சகத்தில் தமிழ் எழுத்துரு ஒன்றை வட்டில் போட்டுக் கொடுத்தார்கள். தட்டச்சுப் பலகையில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்று காகிதத்தில் எழுதி சுவரில் ஒட்டிக்கொண்டேன். 2002 வரைக்கும் நாற்பத்து மூன்று கவிதைகள் எழுதினேன். பெரும்பாலும் மரபு மீறிய புதுக்கவிதைகள். எல்லாம் எங்கள் தோட்டத்தைப் பற்றியவை. ஆயாக் கொட்டகை, ஸ்டோரில் பால் நிறுக்கும் வரிசை, கோட்டுப்பால் நாற்றம், அல்லூரில் மீன் பிடித்தது, யார் யாருடைய நிறை எது என்பதுகூட. அந்தக் கடைசி விஷயத்தைப் பார்த்து ஒரு நண்பர் “இது கவிதையா, செக்ரோலா?” என்று கேட்டார். கோபம் வந்தது. இப்போது யோசித்தால், செக்ரோலாக இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது. 2001-இல் அம்மா போனார். 2005-இல் லயங்கள் காலியாயின. இன்று அந்த இடத்தில் நின்றால் எது எங்கள் வீடு இருந்த இடம் என்று எனக்கே அடையாளம் தெரியாது. கோயில் ஒன்றுதான் நிற்கிறது.

2003-இல் ஒரு சாயங்காலம் இடி. நம் ஊர் இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக வந்து கணினியின் உள்ளே எதையோ கருக்கிவிட்டது. கடைக்காரர் பழுது பார்த்துக் கொடுத்தபோது கணினி உயிரோடு இருந்தது. உள்ளே இருந்தவை எல்லாம் துடைக்கப்பட்டிருந்தன. நான் அழவில்லை. கவிதைகளைப் பதினொரு டிஸ்கெட்டுகளில் ஏற்கெனவே எடுத்து, பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். அந்த டின்னைத்தான் “கணினியில இருக்கு” என்று இருபது ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொறியியலாளப் பெண் போன மறுநாள் டின்னைத் திறந்தேன். நான்கு டிஸ்கெட்டுகளின் உள்ளே வெள்ளைப் பூஞ்சை. நம் நாட்டு ஈரக்காற்றுக்கு அவை அதிக நாள் தாங்காதாம். மகன் எழுபது வெள்ளிக்கு வெளியிலிருந்து செருகிக்கொள்ளும் ஒரு டிஸ்கெட் கருவியை வாங்கி அனுப்பினான். தொலைபேசியில் பாடம் நடந்தது.

“அம்மா, இப்ப என்ன தெரியுது?”

“இங்கிலீஷ் தெரியுது. ஆனா இங்கிலீஷும் இல்ல.”

“எதையும் தொடாதீங்க. சேவ் மட்டும் பண்ணிடாதீங்க!”

திரையில் கேள்விக்குறியும் அடைப்புக்குறியும் தலையில் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் கலந்து கிடந்தன. முப்பத்தொரு வயதில் நான் எழுதிய கவிதை!

காரணத்தை மகன் விளக்கினான். இளையவர்களுக்கு இது தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன். கணினி ‘அ’ என்ற எழுத்தைச் சேமிப்பதில்லை. ஓர் எண்ணைச் சேமிக்கிறது. அந்தக் காலத்தில் இருந்தவை 256 இடங்கள்தாம். அவற்றிலும் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். நமக்கோ 247 எழுத்து. ஆகவே கொம்பு தனி, கால் தனி என்று தமிழை உடைத்து, இருந்த இடங்களில் அடைத்தார்கள். ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் தமக்குப் பிடித்த வரிசையில் அடைத்தார். எண்ணின்மேல் தமிழ் முகமூடி மாட்டியது போல. முகமூடியைக் கழற்றினால் பழைய முகம். என் எழுத்துரு இடியோடு போய்விட்டது. அதைக் கொடுத்த அச்சகமும் இப்போது இல்லை.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகை அங்கேதான் முடிவானது. அதற்குப் பிறகு யூனிகோடு மெதுவாகப் பரவி, எல்லா மொழிக்கும் தனித்தனி இருக்கை கிடைத்தது. இன்று கைப்பேசியில் நீங்கள் அனுப்பும் வணக்கம் லண்டனிலும் வணக்கமாகவே போய்ச் சேருகிறது என்றால் அதனால்தான்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. முரசு அஞ்சல் செய்த முத்து நெடுமாறன் மலேசியர். 1980-களின் நடுவிலேயே தமிழைக் கணினியில் ஏற்றும் வேலையில் இறங்கியவர். கைப்பேசியில் தமிழ் எழுத வைத்த செல்லினமும் அவருடையதுதான். அவருடைய தந்தை கவிஞர் முரசு நெடுமாறன், 1997-இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்ற பெருந்தொகுப்பை வெளியிட்டவர். நூறு ஆண்டுக் கவிதைகளை, பழைய இதழ்களிலும் நூல்களிலும் தேடித் தேடிச் சேர்த்த வேலை. அப்பா கவிதைகளைச் செல்லரிக்காமல் எடுத்து வைத்தார். மகன் எழுத்துகளைத் திரையில் நிலைக்க வைத்தார். ஒரே வீட்டில் இப்படி அமைந்தது நமக்குக் கிடைத்த பேறு. என் பிஸ்கட் டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

மு இல்லாத கவிதைகள்

பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. ஈழத் தமிழரான சுரதா செய்த பொங்குதமிழ் மாற்றி அதில் பலருக்கும் உதவியது. பட்டியலில் வரிசையாக எழுத்துருப் பெயர்கள் இருக்கும். நம்முடையது எது என்று தெரிந்தால் ஒரு நொடி வேலை. எனக்கோ என் எழுத்துருவின் பெயரே மறந்துவிட்டது. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைக் குப்பையைத் தந்தது. மூன்றாம் நாள், மகன் வேறொரு மாற்றியில் போட்டுப் பார்த்தபோது, திடீரென்று ‘அம்மா’ என்று ஒரு சொல் வந்தது. அடுத்து ‘தண்டல்’. எழுந்து நின்றுவிட்டேன்.

முழுதாக வரவில்லை. உகர ஊகார எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தன. கு, மு, ழு, பூ ஒன்றுமே இல்லை. தமிழில் உகரம் இல்லாத வரி ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்! முனியம்மா ‘னியம்மா’ ஆகியிருந்தார். தோட்டத்துக்கு நடுவில் கட்டம். குழந்தைக்குத் தலையில் கட்டம். படித்து, ஊகித்து, ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பினேன். ஒரு மாதம் ஆயிற்று. காலை ஐந்து முதல் ஏழு வரை இதுவே வேலை. தேநீர் பக்கத்திலேயே ஆறிப்போகும். அந்த மாதம் புத்தகமும் படிக்கவில்லை, புதிதாக ஒரு வரியும் எழுதவில்லை.

ஊகிக்கும்போது ஒரு சபலம் வரும் பாருங்கள். இந்தச் சொல்லைவிட அந்தச் சொல் நன்றாக இருக்குமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று. முப்பத்தொரு வயதுக்காரி நிறைய ஆச்சரியக்குறி போட்டிருந்தாள். ‘வியர்வை’யை அளவில்லாமல் பயன்படுத்தியிருந்தாள். சில இடங்களில் அவள் காதைத் திருகலாம் போலிருந்தது. ஆனால் அவளுக்கு அந்த லயத்தின் வாசல் தெரிந்திருந்தது. யார் வீட்டு முருங்கை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று தெரிந்திருந்தது. எனக்கு மறந்துவிட்டது. ஆகவே கட்டத்துக்குள் மட்டும் கை வைத்தேன். அவள் போட்ட ஆச்சரியக்குறிகள் அப்படியே இருக்கின்றன.

நாற்பத்து மூன்றில் இருபத்தொன்பது கிடைத்தன. மீதி பூஞ்சைக்குப் போயிற்று. போத்தல் கவிதை கிடைத்தது, ஆனால் பாதி. விடியுமுன் அடைத்த தேத்தண்ணி, மரத்தடி, தக்கை, கொசுவத்தி எல்லாம் வந்து, அம்மா போத்தலை எடுத்துத் தக்கையைப் பிடுங்கும் இடத்தோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் வெறும் வெள்ளை. அந்த டிஸ்கெட்டில் அந்த இடம் மட்டும் கெட்டிருந்தது.

கடைசி இரண்டு வரி எனக்கு ஞாபகமில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் அம்மாவைப் பற்றி நானே எழுதியது. இரண்டு நாள் யோசித்து, தேத்தண்ணி ஆறிவிட்டது, அம்மா மட்டும் ஆறவில்லை என்கிற மாதிரி ஏதோ எழுதியிருப்பேன் என்று நினைத்தேன். அந்த வயதில் எனக்கு அப்படிப்பட்ட சிலேடை பிடிக்கும். அதையே சேர்த்து அனுப்பிவிடலாம் என்று தட்டச்சுச் செய்தும் விட்டேன். மலருக்குக் கொடுத்த கெடுவுக்கு நான்கு நாள் இருந்தது.

அனுப்பும் முன்தான் அந்தப் பெண் சொன்னது உறைத்தது. ‘எங்க பாட்டி இன்னும் அதச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க.’

பாட்டி புக்கிட் ரோத்தானில் மகன் வீட்டில் இருக்கிறார். என் அம்மாவுக்கு அடுத்த நிறையில் மரம் வெட்டியவர். நான் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். எண்பது தாண்டிவிட்டது. கண் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மருமகள் பால் டின் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்தாள். நல்ல இனிப்பு.

“பெரியம்மா, நான் கோயில் திருவிழாவுல ஒரு கவிதை வாசிச்சேன். ஞாபகம் இருக்கா?”

“ஒங்கம்மா போத்தலத்தான சொல்ற? திடல்ல மேடை போட்டு வாசிச்ச. ஒங்கம்மா என் பக்கத்துல ஒக்காந்துகிட்டு தலையக் குனிஞ்சுகிட்டா. வெக்கம் அவளுக்கு.”

இது எனக்குத் தெரியாது. மேடையிலிருந்து எனக்கு வெளிச்சம் மட்டுந்தான் தெரிந்தது.

“அதுல கடைசியா என்ன வரும், பெரியம்மா?”

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “தக்கையப் புடுங்குனா இன்னும் அடுப்பு வாசம்னு முடிச்ச. அப்புறம் ஒண்ணுஞ் சொல்லல. எறங்கிப் போயிட்ட. இன்னும் ஏதோ சொல்லப் போறன்னு எல்லாரும் பாத்துகிட்டு இருந்தோம்.”

நான் குவளையைக் கீழே வைத்தேன். ஆறிய தேத்தண்ணிக்குள் அடுப்பு வாசம். என் சிலேடை எங்கே, இது எங்கே! இது நான் எழுதியதா என்றே சந்தேகமாக இருந்தது. இத்தனை வருஷம் அவர் வாயில் புரண்டு புரண்டு இப்படி ஆகியிருக்கலாம் அல்லவா?

“பெரியம்மா, இது நான் எழுதுனதா, இல்ல நீங்களா சேத்துகிட்டதா?”

“நல்லாக் கேட்ட போ. எனக்கு என் பேரக்கூட எழுதத் தெரியாது. சம்பளத்துக்குக் கைநாட்டுதான் வச்சேன்” என்றார். பிறகு, “தேத்தண்ணி ஆறுது பாரு, குடி” என்றார்.

கைப்பையில் காகிதம் தேடினேன். மின்சாரக் கட்டண ரசீது ஒன்றுதான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.